கடிகாரக்காரனுக்கு வந்த கடிதம்

சென்ற வருடம் எங்கள் ஓய்வுபெற்ற மறியற்சாலை உத்தியோகத்தர்களின் மலரில் ஹனிபாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அவன் மௌத்தாகி நாற்பது நாள் முடிந்திருந்த நேரம். 'கதை சொல்லி உயிர் காத்த காவலர்' என்று தலைப்பு. அரைப் பக்கத்துக்குப் படம். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்தது என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று பார்க்க. வரவில்லை. 'உடன் கடமையாற்றிய இன்னொரு தமிழ் பேசும் உத்தியோகத்தர்' என்று ஓரிடத்தில் இருந்தது. அந்த இன்னொருவன் நான்தான்.

மலரை மேசையில் எறிந்ததை என் மனைவி கண்டுவிட்டாள்.

"செத்த மனிசனிலையும் எரிச்சலோ உங்களுக்கு? அந்த அரைப் பக்கமும் அவருக்குக் கிடைக்கக் கூடாதோ?"

கிடைக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. இந்த வருடம் மலர்க் குழுத் தம்பிமார் பரந்தனில் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, உங்கட சேவைக் காலத்தில மறக்கேலாத ஒண்டை எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது நான் உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இதில் பொறாமை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பதிவுப் புத்தகம் எழுதியவன் நான். உள்ளதை உள்ளபடிதான் எழுதத் தெரியும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் தகப்பன் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்தவர். ஆறு பிள்ளைகளில் சேற்றுக்குள் இறங்க மனமில்லாதவன் நான் ஒருவன். மறியற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. நடை பழகினோம், சிங்களம் படித்தோம், கால் கொப்புளத்துக்கு எண்ணெய் பூசினோம். பிறகு ஐந்தாறு இடங்களில் வேலை. கடைசியில் தெற்கே ஒரு பெரிய மறியலில் தூக்குக் கைதிகளின் கட்டடத்துக்கு மாற்றம் வந்தது. அங்கேதான் ஹனிபா இருந்தான்.

அவன் முல்லைத்தீவான். இடம்பெயர்ந்த குடும்பம் அப்போது புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தது. நான் கிளிநொச்சியான். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தமிழ் பேசும் கைதிகள் மூன்று பேர், கொரிடோரின் கடைசி மூன்று அறைகளில்.

தூக்குக் கட்டடத்தில் என்ன வேலை என்று இளைய தம்பிமார் கேட்பதுண்டு. எண்ணுவது, தட்டுவது, எழுதுவது. காலையில் எண்ண வேண்டும், மத்தியானம் எண்ண வேண்டும், பூட்டும்போது எண்ண வேண்டும். பொல்லால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கம்பி ஒரு சத்தம் போடும், அறுத்த கம்பி வேறு சத்தம் போடும். சவரம் செய்ய பிளேட் கொடுத்தால் கொடுத்த நேரமும் வாங்கிய நேரமும் எழுத வேண்டும். உடுத்தும் சாரத்துக்குப் பட்டி கிடையாது, படுக்கைக்குக் கயிறு கிடையாது. மற்றக் கைதிகள் எல்லோரும் திரும்பி வீடு போவதற்காகக் காவல் காக்கப்படுபவர்கள். இவர்களைச் சாவுக்காக உயிரோடு காக்க வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம் தூக்கு மரம் இருந்தது. நான் வேலை செய்த காலத்தில் அதில் ஒருவரையும் போடவில்லை. ஆனாலும் இடைக்கிடை பத்திரிகையில் 'மீண்டும் நிறைவேற்றப்படலாம்' என்று செய்தி வரும். அந்தக் கிழமை சோற்றுக் கோப்பைகள் பாதி நிரம்பியபடி திரும்பி வரும்.

எங்களுக்கு மேலே ஒரு பெரிய ஜெயிலர் இருந்தார். சிங்களவர். வவுனியாவில் சில காலம் வேலை செய்து தமிழ் பழகியவர். ஒரு நாளும் குரல் உயர்த்தமாட்டார். மெல்ல வந்து பூட்டில் விரலை வைத்து, "பூட்டினதா, பூட்டினது என்று நினைச்சதா?" என்று கேட்பார். நூறு தரம் கேட்டாலும் அதே சொற்கள், அதே குரல். பதிவுப் புத்தகத்தை அடிமட்டம் வைத்து வரி வரியாக வாசிப்பார். என் பக்கங்களை வாசித்து முடித்தால் தலையை ஆட்டுவார். "சிவபாதம் எழுதினால் நான் போய்ப் பார்க்கத் தேவையில்லை" என்று ஒரு தரம் சொன்னார். அந்த ஒரு வசனத்தை வைத்து நான் ஒரு வருடம் ஓட்டினேன். ஆனால் ஒரு கைதி சாப்பிடாமல் கிடந்தால், ஒருவன் சுவரில் தலையை மோதினால், அவர் கூப்பிடுவது ஹனிபாவை. புத்தகத்துக்குச் சிவபாதம், மனிதருக்கு ஹனிபா என்று அவர் பிரித்து வைத்திருந்தார். எனக்கு வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான்.

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றியது ஒரு தொலைக்காட்சி நாடகம்.

பழைய ஆங்கில நாடகம், கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போடுவார்கள். செய்யாத கொலைக்குத் தூக்குத் தீர்ப்பான ஒரு கடிகாரம் திருத்துபவனின் கதை. ஒவ்வொரு கிழமையும் கடைசியில் சப்பாத்துச் சத்தம் ஒன்று கொரிடோரால் வரும். ஏதோ ஒரு அறை வாசலில் நிற்கும். அவ்வளவுதான், மிச்சம் அடுத்த கிழமை. யாருடைய வாசல் என்று தெரியாமல் ஏழு நாள் இருக்க வேண்டும்.

எங்கள் கட்டடத்துத் தொலைக்காட்சி காவலறையில் இருந்தது. ஞாயிறுகளில் ஆட்கள் குறைவு என்பதால் கைதிகளை மத்தியானச் சாப்பாட்டோடு பூட்டிவிடுவோம். அவர்களுக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். முதல் ஞாயிறு அந்தச் சப்பாத்துச் சத்தம் வந்தபோது கொரிடோர் முழுவதும் அமைதியாகிவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் எழும்பிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். நாடகத்துச் சப்பாத்து என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர்களை முற்றத்தில் நடக்க விட்டபோது தமிழ்க் கைதிகள் மூன்று பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன நாடகம், அந்தச் சத்தம் யாருடையது என்று கேட்டார்கள். சொன்னேன். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காவலில் இருப்பவர் திங்கள் காலை முற்றத்தில் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு கிழமை நான், ஒரு கிழமை ஹனிபா.

நான் சட்டைப் பைக் கொப்பியில் குறித்துக்கொண்டு சொல்வேன். முதலாம் காட்சி, சிறையறை. இரண்டாம் காட்சி, வழக்கறிஞரின் காரியாலயம். யார் வந்தார், என்ன சொன்னார். ஒன்றும் விடமாட்டேன், ஒன்றும் கூட்டமாட்டேன். மூன்று பேரும் மரியாதையாகக் கேட்பார்கள். ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைப்பார்.

ஹனிபா சொல்கிற திங்களில் முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவனுடைய கதையில் கடிகாரக்காரன் இங்கிலாந்துக்காரன் இல்லை, கொக்கிளாயான். கடலேரிப் பக்கம் வீடு. முல்லைத்தீவுச் சந்தைக்குப் பக்கத்தில் கடை. செத்த முதலாளிக்கு வெற்றிலைப் பழக்கம். நீதவான் றால் குழம்பு என்றால் தீர்ப்பையும் மறந்துவிடுவார். சப்பாத்துச் சத்தம் வருகிற இடத்தில் கோப்பையைக் கவிழ்த்து விரலால் தட்டுவான், டக், டக், டக். வாசலில் நின்றதும் கையை எடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவான். "ஐயா, ஐயா, ஆற்ற வாசல்?" என்று மூன்று பேரும் பின்னால் நடப்பார்கள்.

இதில் என்னால் பொறுக்க முடியாதது என்னவென்றால், ஹனிபாவுக்கு ஆங்கிலம் அரைவாசிதான் விளங்கும். ஞாயிறு முடிந்ததும் என்னிடம்தான் வருவான். "சிவபாதம், அந்த லோயர் என்னவாம் சொன்னவர்?" நான் வசனம் வசனமாக விளக்குவேன். காய்ச்சியது நான், பரிமாறியது அவன், சாப்பிட்டவன் வாழ்த்துவது பரிமாறியவனை. என்னுடைய திங்கள்களில் கதை முடிந்த பிறகு, தர்மலிங்கம் என்ற கைதி மெதுவாகக் கேட்பார்: "ஹனிபா ஐயா எப்ப டியூட்டிக்கு வருவார்?" நான் சொன்ன அதே கதையை அவர்கள் அவனிடம் இன்னொரு தரம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தர்மலிங்கம் வவுனியா பூவரசங்குளத்துக்காரர். வயலுக்குத் தண்ணீர் முறை பிடித்ததில் பங்காளியோடு சண்டை. அடுத்த நாள் பங்காளி வாய்க்காலுக்குள் செத்துக் கிடந்தார். மண்வெட்டி தர்மலிங்கத்தினது. தான் அந்த இடத்துக்கே போகவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். செய்தாரா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையுமல்ல.

நாடகம் பாதி தாண்டியபோது அலுவலகத்துக்குக் கருணை மனுப் படிவங்கள் வந்தன. கையெழுத்துப் போடுபவர்களின் பெயர்கள் ஒரு குழுவுக்குப் போகும். குழு ஒத்துக்கொண்டால் தூக்கு ஆயுள் தண்டனையாகும், பிறகு ஒரு நாள் வெளியே போகலாம். அப்போது பத்திரிகைகளிலும் தூக்குப் பேச்சு மறுபடி சூடாக இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தர்மலிங்கம் மறுத்துவிட்டார். 'நான் செய்த குற்றத்துக்காக வருந்துகிறேன்' என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது.

"செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டால் செய்ததெண்டுதானே ஆகும்? தூக்கினால் தூக்கட்டும். என்ர பிள்ளையை ஊரில கொலைகாரன்ர பிள்ளையெண்டு நானே கையெழுத்து வைச்சுக் குடுக்கமாட்டன்."

பெரிய ஜெயிலர் ஹனிபாவைக் கூப்பிட்டார். "கடைசித் திகதி இன்னும் மூன்று கிழமை. இந்த ஆளுக்கு நீ சொல்லு." நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஹனிபா புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய முறை வந்த திங்களில் வழமைபோல் கதை சொன்னான். நான் வேண்டுமென்றே கிட்டப் போய் நின்று கேட்டேன். அன்று அவனுடைய கதையில் கடிகாரக்காரனின் அக்கா கொக்கிளாயிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியிடம் சொன்னாள்:

"தம்பி, கடுதாசியில எழுதினது கடுதாசியோட. உன்ர மனச்சாட்சியில ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லை. நீ உயிரோட வா. ஊருக்கு நான் மறுமொழி சொல்லுறன்."

கடிகாரக்காரன் கையெழுத்துப் போட்டான் என்று ஹனிபா கதையை முடித்தான். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தர்மலிங்கத்தை வளர்த்தது அவருடைய அக்காதான். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பஸ்ஸும் ரயிலும் மாறி வருவா. அது ஹனிபாவுக்குத் தெரியும். தர்மலிங்கம் சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி ஐயா. வாற கிழமை அக்கா வந்திட்டுப் போகட்டும், அவாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வைக்கிறன்" என்றார்.

அந்த ஞாயிறு நான் விடுதியில் இருந்து அதே நாடகத்தைப் பார்த்திருந்தேன். அதில் அக்கா இல்லை. மனு இல்லை. கையெழுத்தும் இல்லை.

அடுத்த நாள் காலை அணிவகுப்பில் பெரிய ஜெயிலர் எல்லோருக்கும் முன்னால் ஹனிபாவின் தோளைத் தட்டினார். பன்னிரண்டு வருடச் சேவையில் என் தோளை ஒருவரும் தட்டியதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எரிந்தது. பச்சை மிளகாயைக் கடித்ததுபோல் எரிந்தது. பொய் சொன்னவனுக்குத் தோளில் தட்டு, உண்மை சொன்னவனுக்குக் கொட்டாவி!

அந்தக் கிழமையே முற்றத்தில் தர்மலிங்கம் என்னிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஐயா, அந்தக் கடிகாரக்காரன்ர அக்கா இனியும் வருவாவே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். நான் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

"அந்த நாடகத்தில அக்கா எண்டு ஒரு ஆளே இல்லை, தர்மலிங்கம். நான் முழுசாப் பாத்தனான். ஹனிபா உமக்காகக் கட்டின கதை அது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்பார்கள். அன்று அந்தப் பூசாரி நான். தர்மலிங்கம் என் முகத்தையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடக்கும் நேரம் முடியும் முன்பே தன் அறைக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை அக்கா வந்தபோதும் அதிகம் கதைக்கவில்லை. படிவத்தை நீட்டிய ஹனிபாவிடம், "உங்களையும் நம்பினன் ஐயா. நீங்களும் என்னைப் பேய்க்காட்டிப் போட்டியள்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஹனிபா என்னைத் தேடிக் காவலறைக்கு வந்தான். சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். சண்டை பிடிக்கவேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"நீர் சொன்னது சரிதான் சிவபாதம். கதையில அது இல்லை" என்றான். கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான். "ஆனா இப்ப என்ன செய்வம்? அந்த மனுசன் செத்துப்போவானே."

இரண்டு நாள் கழித்து, அவனுடைய உம்மாவுக்கு நோய் கடுமை என்று புத்தளத்திலிருந்து செய்தி வந்தது. லீவில் போனான். போகும்போது வாசலில் நின்று, "அவரைப் பாத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னான். படிவம் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை மத்தியானம். அதற்கு முதல் நாள், ஞாயிறு, நாடகத்தின் கடைசிப் பகுதி. காவல் என்னுடையது.

அந்த ஞாயிறு நான் பார்த்ததைக் கொப்பியில் எழுதினேன். பாதிரியார் அறைக்குள் வந்து செபித்தார். சப்பாத்துச் சத்தம் வந்து கடிகாரக்காரனின் வாசலில் நின்றது. கதவு திறந்தது. மணி எட்டு அடித்தது. பிறகு வெறும் அறை, மடித்த படுக்கை. அதற்குப் பிறகுதான் ஒருவன் ஓடி வந்து, அவன் குற்றவாளியில்லை என்ற கடிதத்தைக் கொடுத்தான். 'தூக்கிலிடப்பட்டான். கடிதம் பிந்தி வந்தது' என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

கோடு போட்டபின்னும் நான் காவலறையிலேயே இருந்தேன். கொரிடோரில் அத்தனை பேரும் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்கள் என்று தெரியும். கடைசி அறையிலிருந்து தர்மலிங்கம், "ஐயா, ஆற்ற வாசல்?" என்று கூப்பிட்டார். பல நாளுக்குப் பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதற் கேள்வி அது. "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். அது ஹனிபாவின் வேலை, எழும்பிப் போவது. அன்று நானும் அதைச் செய்தேன்.

திங்கள் காலை முற்றத்துக்குத் தர்மலிங்கமும் வந்தார். மற்ற இருவருக்கும் பின்னால், சற்றுத் தள்ளி நின்றார். நான் தொடங்கினேன். முதலாம் காட்சி, இரண்டாம் காட்சி. நாலாம் காட்சி வந்ததும் கொப்பியை மூடினேன். இருமினேன்.

"சப்பாத்துச் சத்தம் கடிகாரக்காரன்ர வாசலில நிண்டது. கதவு திறந்தது. கடிதம் வந்திருந்தது. தூக்கு இல்லை."

தர்மலிங்கம் முன்னுக்கு வந்தார்.

"அப்ப ஏன் ஐயா பாதிரியார் செபிச்சவர்? எனக்குக் கேட்டது."

"நன்றி சொல்லிச் செபிச்சவர்."

"மணி அடிச்சது. எட்டுத்தரம். நான் எண்ணினனான்."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு பொய்யும் எழுதாதவனுக்குப் பொய்யின் அடுத்த வரி எங்கே இருக்கும் என்று தெரியாது. ஹனிபா என்ன சொல்வான் என்று யோசித்தேன். அதைக்கூட அவனிடம்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது.

"அந்த மறியல் மணிக்கூடு கனகாலம் ஓடாமல் நிண்டது. போகமுன்னம் அவன் அதைத் திருத்திக் குடுத்திட்டுப் போனவன். அதுதான் அடிச்சது."

தர்மலிங்கம் என் கையைப் பார்த்தார். "கொப்பியைப் பாத்து வாசியுங்கோ ஐயா. உங்கட கொப்பியில இருக்கிறதை."

நான் கொப்பியைத் திறந்தேன். 'தூக்கிலிடப்பட்டான். கடிதம் பிந்தி வந்தது.' என் சொந்தக் கையெழுத்து. அடியில் கோடு. அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தேன்:

"கடிதம் நேரத்துக்கு வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தபடியால் அதை ஏற்றுக்கொண்டார்கள். உயிரோடு வீட்டுக்குப் போனான்."

அவர் கொப்பியைக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

"நீங்கள் சொன்னால் சரிதான் ஐயா. நீங்கள் கூட்டியும் சொல்லமாட்டியள், குறைச்சும் சொல்லமாட்டியள். கொண்டு வாங்கோ அந்தக் கடுதாசியை."

பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். 'கைதி தர்மலிங்கம் தன் விருப்பத்தின்பேரில் மனுவில் ஒப்பமிட்டார்' என்று பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். பெரிய ஜெயிலர் அடிமட்டம் வைத்து வாசித்துத் தலையை ஆட்டினார். எப்படி என்று கேட்கவில்லை. ஹனிபாதான் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்திருப்பார்.

உம்மாவை அடக்கம் செய்துவிட்டு ஹனிபா திரும்பி வந்தான். "எப்பிடிச் சம்மதிச்சவர்?" என்று கேட்டான். "கதைச்சனான்" என்றேன். அவ்வளவுதான். உன் வழியைத்தான் நானும் பிடித்தேன் என்று அவனிடம் ஒத்துக்கொள்ள என் நாக்கு வளையவில்லை. அந்த ஒரு சொல்லை அன்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சாட்சியாவது இருந்திருக்கும்.

குழு ஒத்துக்கொண்டது. தர்மலிங்கத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். வருடங்கள் கழித்து விடுதலையாகிப் பூவரசங்குளத்துக்கே போனார். நாங்களும் ஓய்வுபெற்றோம். ஹனிபா குடும்பத்தோடு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து வீடு கட்டினான். அந்த வீட்டுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் பூவரசங்குளத்திலிருந்து ஒரு மூட்டை நெல் போகும். காட்டுத் தேன் போகும். ஹனிபாவின் மகளின் கலியாணத்தில் தர்மலிங்கம் மூன்று நாள் நின்று பந்தல் வேலை செய்தார். எனக்குத் தைப்பொங்கலுக்கு ஒரு போன் வரும். "சுகமா இருக்கிறியளே ஐயா?" அவ்வளவுதான்.

ஒரு தரம் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அவர் உமக்குப் பொய் எல்லோ சொன்னவர்?"

"ஓம் ஐயா. அதாலதான். என்னை உயிரோட வைச்சிருக்கப் பொய் சொல்லுற அளவுக்கு அந்த மனுசனுக்கு நான் வேணுமா இருந்திருக்கிறன். அது எனக்குப் பிறகுதான் விளங்கினது."

நியாயத்தைப் பாருங்கள். அவனுடைய பொய் பிடிபட்டது, அதனால் தேன். என்னுடைய பொய் பிடிபடவில்லை, அதனால் தைப்பொங்கல் போன். அவன் சொன்ன பொய்யால் ஒரு கையெழுத்தும் விழவில்லை. விழுந்த கையெழுத்து நான் சொன்ன பொய்யால் விழுந்தது. அந்தக் கட்டுரையில் இருக்கும் பிழை இதுதான். இதை என் மனைவியிடம் சொன்னேன். "முதல்ல அந்தக் கையெழுத்து விழாமல் நிண்டதும் உங்களாலதானே?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சென்ற மாதம் ஒரு காலை தர்மலிங்கம் போன் எடுத்தார். தைப்பொங்கல் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஐயா, அந்த நாடகம் இப்ப போனில கிடக்குது. பேத்தி தேடி எடுத்துத் தந்தவள். கீழ சிங்கள எழுத்து ஓடுது, அவள் வாசிச்சு வாசிச்சுச் சொன்னவள். முழுக்கப் பாத்தன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்த மனுசனைத் தூக்கிப் போட்டாங்கள் ஐயா."

"ஓம், தர்மலிங்கம்."

"கடிதம் பிந்தித்தான் வந்தது."

"ஓம்."

"நீங்கள் கொப்பியைப் பாத்து வாசிச்சியள். நேரத்துக்கு வந்ததெண்டு."

"ஓம். வாசிச்சனான்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. எழுபது வயது மனிதரின் அழுகை. இத்தனை வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. இப்போது சொல்வார், என் பெயரைச் சொல்வார் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஹனிபா ஐயாவின்ர மனசைப் பாருங்கோ" என்றார். "லீவில போகேக்கையும் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திட்டெல்லோ போயிருக்கிறார். தாய் சாகக் கிடந்த நேரத்திலையும் என்னை மறக்கேல்லை."

"தர்மலிங்கம், ஹனிபா ஒண்டும் சொல்லித் தரேல்லை. அது நான் சொன்னது. நானா யோசிச்சுச் சொன்னது."

அவர் அழுகைக்குள்ளேயே சிரித்தார்.

"சும்மா விடுங்கோ ஐயா. உங்களை எனக்குத் தெரியாதே? மணிக்கூட்டைத் திருத்திக் குடுத்திட்டுப் போனவன் எண்டு சொன்னியளே, அது ஆற்ற கதையெண்டு எனக்குத் தெரியாதே? உங்களுக்கு அப்பிடியெல்லாம் வராது." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "வாற வெள்ளிக்கிழமை முல்லைத்தீவுக்குப் போறன், அவரின்ர கபுறடிக்கு. நீங்களும் வாங்கோ. பரந்தனில பஸ் ஏறினால் நேர வந்திறங்கலாம்."

போனேன். ஹனிபாவை அடக்கிய இடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் தேன் போத்தல் ஒன்று கொண்டு வந்து ஹனிபாவின் மகளிடம் கொடுத்தார். என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய கொப்பி. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன், ஆனால் எடுத்துக் காட்டி என்ன பயன்? அதிலும் நாடகத்தில் நடந்த உண்மைதானே எழுதியிருக்கிறது, நான் சொன்ன பொய் இல்லையே.

ஆகையால் மலர்க் குழுத் தம்பிமார் கீழே உள்ளதை ஒரு சொல்லும் மாற்றாமல் போட வேண்டும். பெயரை முழுதாகப் போட வேண்டும்.

பதிவு: கடைசித் திகதியான திங்கட்கிழமை காலை, தூக்குக் கட்டட முற்றத்தில், கைதி தர்மலிங்கத்துக்குச் சொல்லப்பட்ட பொய் என்னால் சொல்லப்பட்டது. வேறு எவருக்கும் அதில் பங்கில்லை.

ஒப்பம்,
க. சிவபாதம்.